பொதி நின்ற இடத்தில் நின்ற பாதை

தெமோதரை என்றதும் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது ஒரு புகைப்படம்தான். ஒன்பது வளைவுகளைக் கொண்ட கற்பாலம், அதன்மேல் நீல நிற ரயில், சுற்றிலும் தேயிலை. இன்னுஞ் சற்று விபரமறிந்தவர்கள், ரயில் நிலையத்தின் அடியிலேயே சுரங்கம் குடைந்து அதே ரயிலைக் கீழே போகவிட்ட அந்த விந்தையைச் சொல்வார்கள். ஆனால் தெமோதரையிலும் அதைச் சூழவுள்ள தோட்டங்களிலும் வாழ்கின்றவர்களுக்கு அது காட்சியல்ல, போக்குவரத்து. பதுளையிலுள்ள பாடசாலைக்கு, ஆஸ்பத்திரிக்கு, கச்சேரிக்கு, கோட்டுக்கு, கடைத்தெருவுக்கு எப்படிப் போய்ச் சேருவது, இருட்டுவதற்குள் எப்படித் திரும்புவது என்பதே அவர்களது அன்றாடக் கேள்வி. சொந்த வாகனம் என்பது இப்பகுதியில் என்றும் சிறுபான்மையினரின் உடைமையாகவே இருந்து வந்துள்ளது.

பதுளை ஒரு சிறு நகரம். ஆயினும் ஊவாவின் கல்வி நகரம் அதுவே. மும்மொழி பேசுவோரின் பிள்ளைகளும் படிக்கும் பாடசாலைகள் அங்குண்டு. 2005இலிருந்து ஒரு பல்கலைக்கழகமும் உண்டு. அந்நகருக்குள்ளும் அதற்கு வெளியேயும் வண்டியில்லாதவன் எவ்வாறு நடமாடினான் என்பதற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கின்றது. அரசர்களின் வரலாறும் துரைமார்களின் வரலாறும் எழுதப்பட்ட அளவுக்கு இந்த வரலாறு எழுதப்படவில்லை. அதன் முதல் அத்தியாயம் நமது சமூகத்தோடு நேரடியாகத் தொடர்புடையது என்பதனால் அதனை நாம் எழுத வேண்டிய கடமையும் இருக்கின்றது.

தவளத்தின் காலம்

கண்டி இராச்சியத்தில் அகன்ற வீதிகள் இருக்கவில்லை. அது இயலாமையினால் மட்டும் நேர்ந்ததல்ல. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பின்னர் ஆங்கிலேயரும் கரையோரத்தில் காத்திருந்த காலத்தில், காடும் மலையும் ஒற்றையடிப் பாதையுமே மலைநாட்டின் கோட்டை மதில்களாக விளங்கின. வழிகளில் முட்கதவங்களைக் கொண்ட கடவத்தைகள் இருந்தன. பீரங்கி வண்டி உருளக்கூடிய வீதியை அமைப்பது எதிரிக்கு வழிகாட்டுவதற்கு ஒப்பானது என்பதை மன்னர்கள் நன்கறிந்திருந்தனர்.

எனினும் மனிதன் உப்பில்லாமல் வாழ முடியாது. மலைநாட்டில் உப்பு விளைவதில்லை. ஊவாவுக்கு உப்பு அம்பாந்தோட்டைப் பக்கமிருந்தும் கிழக்குக் கரையிலிருந்தும் ஏறி வரவேண்டியிருந்தது. கருவாடும் துணியும் அவ்வாறே வந்தன. பாக்கும் மிளகும் கீழிறங்கின. இந்த ஏற்ற இறக்கத்தைச் சுமந்தவை தவள மாடுகள். முதுகின் இருபுறமும் பொதி தொங்க, வரிசையாக, ஒற்றையடிப் பாதையில் நடந்த மாடுகள் அவை. வண்டி போக முடியாத இடத்திலெல்லாம் தவளம் போனது.

இத்தொழிலில் பெரும்பங்கு வகித்தவர்கள் முஸ்லிம்கள். கரையோரத்தில் போர்த்துக்கேயரின் நெருக்குதலுக்கு உள்ளான முஸ்லிம்களுக்குக் கண்டி மன்னர்கள் புகலிடம் அளித்தமை நாமறிந்ததே. அவ்வாறு வந்தவர்களை மன்னர்கள் வெறுமனே இருத்திவைக்கவில்லை. நாட்டின் இராசகாரிய முறைக்குள் அவர்களுக்கு ஓர் இடம் கொடுத்தனர். போக்குவரத்துக்குப் பொறுப்பான 'மடிகே பத்த' என்ற திணைக்களத்தில் முஸ்லிம்கள் சேவை செய்தனர். நிலம் பெற்றனர், அதற்கு ஈடாகத் தவளம் ஓட்டினர். பேராசிரியை லோனா தேவராஜா 1994இல் வெளியிட்ட இலங்கை முஸ்லிம்கள் பற்றிய நூலில் இவ்வுறவை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இங்கு ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். தவளக்காரன் மாட்டின் மீது ஏறிப் போகவில்லை. பொதிதான் ஏறிப் போனது. அவன் அதன் பக்கத்தில் நடந்தான். ஊவாவின் போக்குவரத்து வரலாற்றில் இது முதற் பாடம். பொதிக்கு ஓர் ஏற்பாடு இருந்தது. மனிதனுக்குக் கால்கள் இருந்தன.

1817: பாதையின் மீதான அதிகாரம்

1815இல் கண்டி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. இரண்டே ஆண்டுகளில், 1817இல், ஊவா வெல்லஸ்ஸவில் பெருங்கிளர்ச்சி மூண்டது. பாடப்புத்தகங்கள் இதனைச் சுதந்திரப் போராட்டமாகவும் கெப்பட்டிபொலவின் தியாகமாகவும் சொல்கின்றன. அது உண்மையே. ஆனால் அக்கிளர்ச்சியின் தொடக்கத்தில் இருந்த ஒரு பிணக்கு போக்குவரத்து அதிகாரத்தைப் பற்றியது என்பது பலருக்குத் தெரியாது.

வெல்லஸ்ஸவில் மடிகே மீதான அதிகாரம் அப்பகுதியின் திசாவையான மில்லவவின் கையில் இருந்தது. ஆங்கிலேயர் அதனைப் பிரித்து, சோனகர்களுக்கென ஹாஜி மரிக்கார் என்பவரை முகாந்திரமாக நியமித்தனர். தவளத்தின் தலைமை என்பது வெறும் பட்டமன்று. உப்பு எப்போது வரும், பாக்கு எப்போது போகும், யார் சுமப்பது, யார் வரி கொடுப்பது என்பவற்றையெல்லாம் தீர்மானிக்கும் இடம் அது. திசாவைக்கு இது கௌரவத்திலும் வருமானத்திலும் விழுந்த அடியாயிற்று. கிளர்ச்சி தொடங்கியபோது ஹாஜி முகாந்திரம் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். பதுளையில் ஆங்கில அரசின் பிரதிநிதியாக இருந்த வில்சன் நிலைமையை அறிய வெல்லஸ்ஸவுக்குப் போய் அம்புக்கு இரையானார். பின்னர் நடந்தது ஊவாவையே சுடுகாடாக்கிய அடக்குமுறை. ஊர்கள் எரிக்கப்பட்டன, வயல்கள் பாழாயின, மாடுகள் கொல்லப்பட்டன.

இச்சம்பவத்தை நமக்குச் சாதகமாகவோ பாதகமாகவோ வாசிக்க முனைவது எளிது. முஸ்லிம்கள் அந்நியருக்குத் துணைபோனார்கள் என்று ஒரு சாரார் சொல்வர். முஸ்லிம்கள் பலிக்கடாவாக்கப்பட்டனர் என்று மறுசாரார் சொல்வர். இரண்டுக்கும் அப்பால் ஓர் உண்மை உண்டு. தலைமுறை தலைமுறையாகச் சிங்களக் கிராமங்களுக்கு உப்புச் சுமந்து, அவர்களது பாக்கைச் சந்தைக்கு இறக்கி, அவர்களோடு கொடுக்கல் வாங்கலில் வாழ்ந்த ஒரு கூட்டத்தை, பாதையை ஆள விரும்பிய ஒரு புதிய அதிகாரம் தனது கருவியாக்கிக் கொண்டது. நியமித்தவன் ஆங்கிலேயன், இழந்தவன் திசாவை, உயிர்விட்டவன் முகாந்திரம். பாதை யாருடையது என்ற கேள்வி ஊவாவில் இரத்தத்தால் எழுதப்பட்ட கேள்வியாகும்.

கோப்பி கேட்ட ரயில், தேயிலைக்கு வந்த ரயில்

கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலேயர் கற்றுக்கொண்ட பாடம் வீதி போட வேண்டும் என்பது. முதலில் இராணுவத்துக்காக. அதன்பின் கோப்பிக்காக. மலைகளில் கோப்பித் தோட்டங்கள் பரவியபோது மாட்டு வண்டிகள் தவளத்தின் இடத்தைப் பிடித்தன. வண்டி வீதிகளில் மைல் கற்கள் நடப்பட்டன. இன்றும் மலையகத்தில் இடங்களை 'இரண்டாம் கட்டை', 'பதின்மூன்றாம் கட்டை' என்று சொல்கிறோமே, அந்தக் கட்டைகள் நமது முகவரியாக மாறிய மைல் கற்கள்தாம்.

அந்தக் கோப்பியைப் பறிக்க வந்தவர்கள் எப்படி வந்தார்கள்? நடந்து வந்தார்கள். தென்னிந்தியாவிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைவரை நடந்து, அங்கிருந்து மலையேறினார்கள். ஊவாவுக்கு வர வேண்டியவர்களுக்கு நடை அங்கே முடியவில்லை. காய்ச்சலாலும் கொலராவாலும் வழியில் மாண்டவர் தொகை பெரிது. கோப்பி மூட்டைக்கு வண்டி இருந்தது. கோப்பி பறிப்பவனுக்கு இருக்கவில்லை. 2023இல், மலையகத் தமிழரின் வருகைக்கு 200 ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. நினைவுகூர்வதற்கும் நடக்கத்தான் வேண்டியிருந்தது என்பது பொருத்தமானதே.

ஊவாவின் தோட்டத்துரைமார் ரயில் வேண்டுமென்று நெடுங்காலம் கேட்டு வந்தனர். கொழும்பிலிருந்து புறப்பட்ட பாதை 1867இல் கண்டியை அடைந்தது. 1874இல் நாவலப்பிட்டி. 1885இல் நானுஓயா. 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. ரயில் 1893இல் அப்புத்தளைக்கும் 1894இல் பண்டாரவளைக்கும் வந்தது. ஆனால் இதற்கிடையில் ஒரு விதி விளையாடியிருந்தது. 1869இல் இதே பதுளைப் பகுதியின் மடுல்சீமையில் கோப்பி இலையில் கண்டறியப்பட்ட துரு நோய், சில ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பியையே அழித்துவிட்டது. கோப்பிக்காகக் கேட்கப்பட்ட ரயில் தேயிலைக்காக வந்து சேர்ந்தது.

பண்டாரவளையிலேயே ரயில் முப்பது ஆண்டுகள் நின்றுவிட்டது. அங்கிருந்து பதுளைக்குள்ள இறக்கம் அத்தனை கடினமானது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே ஒரு பள்ளத்தாக்கைத் தாண்ட ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் கட்டி முடிக்கப்பட்டது. கல்லும் செங்கல்லும் சீமெந்துமே அதில் உண்டு, இரும்பு இல்லை. முதலாம் உலகப் போரினால் இரும்பு கிடைக்கவில்லை என்றும், ஊர்க்காரர் ஒருவர் கல்லால் கட்டித் தருவதாகப் பொறுப்பேற்றார் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. தெமோதரையில் இறக்கம் இன்னும் செங்குத்தானது. ஆகவே நிலையத்தைவிட்டுப் புறப்படும் ரயில் ஒரு குன்றைச் சுற்றிக் கீழிறங்கி, அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தின் வழியே வெளிவருமாறு பாதை அமைக்கப்பட்டது. அதன் பின்னர் உடுவர, ஹாலி-எல, இறுதியாகப் பதுளை. 1924இல் ரயில் பதுளையை அடைந்தது. அதற்கப்பால் இன்றுவரை அது போகவில்லை.

தெமோதரைச் சுற்றுப்பாதை பற்றி ஒரு கதை உண்டு. வழிதெரியாமல் தடுமாறிய பொறியியலாளர், தோட்டத்துக் கங்காணி ஒருவர் தமது தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக்கட்டுவதைக் கண்டு, பாதையையும் அவ்வாறே சுற்றிவிட்டாராம். பொறியியலாளர் டி.ஜே. விமலசுரேந்திர என்பர். கதை மெய்யோ பொய்யோ, அது சொல்லும் செய்தி ஒன்றுண்டு. இப்பாதையின் கதையில் கங்காணியின் தலைப்பாகைக்கு இடம் கிடைத்திருக்கின்றது. மலையைக் குடைந்தவனின் பெயருக்கு இடம் கிடைக்கவில்லை.

தோட்டத்துக்குள் தொடராத வீதி

ரயில் வந்தபின் மனிதர்களும் அதில் ஏறினார்கள். தேயிலைப் பெட்டிக்காகப் போட்ட பாதையை மக்கள் மெல்ல மெல்லத் தமதாக்கிக் கொண்டார்கள். மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஊரிலிருந்து வந்தவர்களும், வியாபாரத்துக்குப் போகிறவர்களும், மரக்கறிக் கூடைகளும், பாடசாலைப் பிள்ளைகளும் நெருக்கியடித்தனர். ஆனால் நிலையத்திலிருந்து லயத்துக்கு?

மலையில் தூரத்தை மைலால் அளப்பதில் பொருளில்லை. பணியக்கணக்கு லயத்தவருக்குப் பக்கமாயிருப்பது மேற்கணக்கு லயத்தவருக்கு ஒரு மணி நேர ஏற்றம். தோட்டத்து வீதி தேயிலை ஸ்டோரை நோக்கிப் போகும். துரையின் பங்களாவை நோக்கிப் போகும். கொழுந்து நிறுக்கும் இடம்வரை லொறி வரும். அதற்கப்பால் லயத்துக்குப் போவது தேயிலைச் செடிகளுக்கிடையே மிதித்து மிதித்து உண்டான குறுக்குப்பாதை. மழை பெய்தால் அது ஓடை. பனி மூட்டத்தில் அது தெரியாது. அட்டைக்கு அது வீடு. கடும் நோயாளியைக் கம்பளியில் கிடத்தித் தூக்கிக்கொண்டு இறங்கிய அனுபவம் இல்லாத தோட்டம் மலையகத்தில் இல்லை எனலாம்.

இந்தப் பாதை ஏன் வீதியாகவில்லை? வறுமை என்ற ஒரே சொல்லால் இதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. இதற்குச் சட்டக் காரணங்கள் இருந்தன.

தோட்டம் என்பது தனியார் காணி. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். தொடர்ந்து வாக்கையும் இழந்தனர். வாக்கில்லாதவனின் பாதையைச் செப்பனிட எந்த அரசியல்வாதிக்கும் அவசரம் இருக்கவில்லை. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. கை மாறியதே தவிர, தோட்டம் நாட்டுக்குள் இன்னொரு நாடாகவே இருந்தது. இதைவிட வியப்பானது, 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டமாகும். ஊர் வீதியையும் வடிகாலையும் பார்த்துக்கொள்ளவென்றே உருவாக்கப்பட்ட சபைகள், தமது எல்லைக்குள் இருக்கும் தோட்டக் குடியிருப்புகளுக்கு நிதி செலவிட அதன் 33ஆம் பிரிவு தடையாக நின்றது. குடியுரிமைப் பிரச்சினை 1988இலும் 2003இலும் இயற்றப்பட்ட சட்டங்களால் தீர்ந்து, தோட்ட மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த உறுப்பினர்களே சபையில் அமர்ந்த பின்னரும், அவ்வுறுப்பினர் தம் வீட்டு வாசலுக்கு வரும் பாதைக்கு ஒரு மூட்டை சீமெந்து ஒதுக்க முடியாதிருந்தார். அந்தப் பிரிவு திருத்தப்பட்டது 2018இல். முப்பத்தொரு ஆண்டுகள்! ஒரு பிள்ளை முதலாம் வகுப்பில் சேர்ந்து, படித்து, மணமுடித்து, தன் பிள்ளையையும் அதே குறுக்குப்பாதையில் பாடசாலைக்கு அனுப்பப் போதுமான காலம் அது.

தோட்டத்தை நோக்கி நடந்த இன்னொரு கூட்டத்தையும் இங்கு குறிப்பிட வேண்டும். அவர்கள் பொட்டணி வியாபாரிகள். பதுளை, பசறை, வெலிமடை, பண்டாரவளைக் கடைத்தெருக்களிலிருந்து துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, லயம் லயமாக ஏறியிறங்கிய முஸ்லிம்கள். சம்பள நாளும் தீபாவளியும் அவர்களுக்கு மனப்பாடம். கடனுக்குக் கொடுத்து, தவணையில் வாங்கி, கலியாணச் சேலையையும் பிள்ளைச் சட்டையையும் வாசலுக்குக் கொண்டு வந்தவர்கள் அவர்களே. பஸ் போகாத இடத்துக்கு அவர்களது கால்கள் போயின. தவளத்தின் கடைசி வாரிசுகள் என்று இவர்களைச் சொல்வதில் தவறில்லை. மாடு மட்டும் இல்லை, பொதி தோளுக்கு மாறிவிட்டது. இவர்களைப் பற்றி நம்மிடம் எத்தனை சிறுகதைகள் இருக்கின்றன, எத்தனை பதிவுகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் வெட்கமே மிஞ்சும்.

பாடசாலை நகரம்

1945இல் இலவசக் கல்வி வந்தது. கட்டணம் ஒழிந்தது, தூரம் ஒழியவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இல்தான். அவற்றிலும் பல ஆரம்ப வகுப்புகளோடு நின்றன. அதற்குமேல் படிக்க விரும்பும் பிள்ளை ரோட்டுக்கு இறங்கியாக வேண்டும்.

அந்த ரோட்டில் அதற்காகக் காத்திருந்தது பஸ். 1958 ஜனவரி முதலாந் திகதி பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. சீ.டி.பி. பஸ்ஸைப் பற்றி எத்தனையோ குறைகளைச் சொல்லலாம். ஆனால் இலாபமற்ற பாதையிலும் அது ஓடியது. மாணவனின் கையில் ஒரு சீசன் டிக்கட்டைக் கொடுத்தது. 1979இல் தனியார் பஸ்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டபோது பஸ்களின் தொகை கூடியது. எனினும் தனியார் பஸ் கூட்டம் உள்ள இடத்துக்கு, கூட்டம் உள்ள நேரத்துக்கு ஓடுவது. சீசன் டிக்கட்டோடு நிற்கும் பிள்ளையைக் கண்டும் நிறுத்தாமல் போகும் பஸ்ஸை மலையகத்தில் அறியாதவர் இல்லை. பின்னர் வந்த 'சிசு செரிய' பஸ்கள் ஓடும் வழிகளில் பெரும் நிம்மதி தந்தன.

ஒரு பிள்ளை படிப்பை இடையில் நிறுத்துவதற்கு, பரீட்சையில் தவறுவது மட்டுமே காரணமல்ல. மாலை வகுப்பு முடிந்து கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் காரணமாகின்றது. குறிப்பாகப் பெண் பிள்ளைகளின் விடயத்தில். தோட்டத்துத் தாய்க்கும் சரி, கடைத்தெருவிலிருந்து தொலைவில் வாழும் முஸ்லிம் தாய்க்கும் சரி, இருட்டிய பாதை ஒன்றேதான். 'நமது பெண்கள் ஏன் உயர்தரத்தோடு நிற்கிறார்கள்' என்று மேடைகளில் கேட்கின்றோம். மனப்பாங்கைப் பற்றி நெடுநேரம் பேசுகின்றோம். பஸ் நேர அட்டவணையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

2005இல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பதுளையில், பசறை வீதியில் நிறுவப்பட்டது. நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் மாணவர்கள் வந்தனர். இவர்களிலும் பெரும்பாலோர் வாகனமற்றவர்களே. பஸ், நடை, நான்கு பேர் சேர்ந்து பிடிக்கும் ஓட்டோ, விடுமுறைக்கு ரயில். இவைதாம் அவர்களது பதுளை வாழ்க்கையின் சக்கரங்கள். தோட்டத்துப் பிள்ளை நூறாண்டாக அனுபவித்ததை நகரத்துப் பிள்ளை நான்காண்டு அனுபவிக்க நேர்ந்தது என்று சொல்லலாம்.

இதிலே வரலாற்று மாணவன் ஒருவன் நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. பல்கலைக்கழகம் அமைந்திருக்கும் பசறை வீதி ஏ-5 நெடுஞ்சாலையின் ஒரு பகுதி. அது பசறை, லுணுகலை, பிபிலை, மகா ஓயா வழியாகக் கிழக்கே இறங்கிச் செங்கலடியில் முடிகின்றது. செங்கலடிக்கு அடுத்தது ஏறாவூர். ஏறாவூரிலிருந்தோ காத்தான்குடியிலிருந்தோ ஒரு முஸ்லிம் மாணவன் புத்தகப் பையோடு பஸ் ஏறிப் பதுளைக்கு வரும்போது, அவன் வெல்லஸ்ஸவைக் கடந்து வருகிறான். அவனது முன்னோர் உப்புப் பொதியோடு ஏறி வந்த திசையும் ஏறத்தாழ அதுவே. ஹாஜி மரிக்கார் முகாந்திரமாக இருந்து உயிரிழந்த மண்ணும் அதுவே. அவன் படிக்கும் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே வெல்லஸ்ஸ இருக்கின்றது. ஆனால் இந்தச் செய்தியை அவனுக்கு யார் சொன்னார்கள்?

அந்தப் பாதை அவனுக்கு இலகுவானதுமல்ல. 2021 மார்ச் 20ஆம் திகதி, லுணுகலையிலிருந்து வந்த பஸ் ஒன்று பசறை பதின்மூன்றாம் கட்டையில் பள்ளத்தில் விழுந்து பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். குறுகிய வீதி, ஒரு பக்கம் சரிந்து கிடந்த பாறை, மறுபக்கம் பாதாளம். வண்டியில்லாதவனின் உயிர் இன்னொருவரின் கையிலுள்ள ஸ்டியரிங்கில் இருக்கின்றது.

வண்டியுள்ளவரும் நடந்த நாட்கள்

2022இல் நாடே வண்டியில்லாத நாடாயிற்று. பெற்றோல் வரிசைகள் நாட்கணக்கில் நீண்டன. ஜூன் மாதத்தில் போக்குவரத்தின்றிப் பாடசாலைகள் மூடப்பட்டன. ஜூலையில் கியூஆர் முறையில் எரிபொருள் பங்கிடப்பட்டது. கார் வைத்திருந்தவர்கள் ரயிலில் தொங்கினார்கள். மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் நடந்தார்கள். மலையகத் தோட்டத்தவருக்கு அது புதிதல்ல. அந்தச் சில மாதங்களில் மத்திய தர வகுப்பினர் அனுபவித்தது, தோட்டத்து வாழ்வின் ஒரு சிறு மாதிரியே. நெருக்கடி தணிந்ததும் அந்த அனுபவம் மறக்கப்பட்டுவிட்டது. பொதுப் போக்குவரத்தைச் சீர்செய்ய அதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்த்திருக்க முடியாது.

ரயிலோ இப்போது இன்னொரு பொதியைச் சுமக்கின்றது. எல்லவின் அழகு உலகறிந்ததாகிவிட்டது. வெளிநாட்டவர் வருவது நல்லதே. ஊருக்கு வருமானம் வருகின்றது. ஆனால் உல்லாசப் பயணிகளை மனதிற்கொண்டே நேரமும் ஆசனமும் ஒழுங்கு செய்யப்படும்போது, ஹாலி-எலயில் இறங்க வேண்டிய மரக்கறிக்காரியும் உடுவரவில் இறங்க வேண்டிய மாணவியும் வாசற்படியில் நிற்கின்றனர். முன்னர் தேயிலைக்கு முதலிடம். இப்போது காட்சிக்கு முதலிடம்.

மலையும் தன் கணக்கைத் தீர்த்துக்கொள்கின்றது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் புறப்பட்டிருந்த பிள்ளைகள் பிழைத்தனர். திரும்பி வந்தபோது சிலருக்கு வீடுமில்லை, பெற்றோருமில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மீண்டும் மலைகளைப் புரட்டியது. பதுளை மாவட்டம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்று. வீதிகள் அறுந்தன. மலையக ரயில் பாதை பல இடங்களில் சிதைந்து சேவைகள் தடைப்பட்டன. அப்போது ஊரையும் ஊரையும் இணைத்தவை மீண்டும் குறுக்குப்பாதைகளும் கால்களுமே.

இவ்விரு நூற்றாண்டுக் கதையைத் தொகுத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகின்றது. ஊவாவில் பாதைகள் பொதிக்காகவே போடப்பட்டன. உப்புக்கு, கோப்பிக்கு, தேயிலைக்கு, இப்போது உல்லாசப் பயணத்துக்கு. அப்பாதைகளை மக்கள் தமதாக்கிக் கொண்டது அவர்களது சாமர்த்தியம். ஆனால் பொதி எங்கே நின்றதோ அங்கே பாதையும் நின்றுவிட்டது. பிள்ளையின் வீடு அதற்கும் அப்பால் இருந்தது.

2018இன் திருத்தத்தின்பின், பிரதேச சபைக்குச் சட்டம் தடையென்று யாரும் சொல்ல முடியாது. லயத்துக்கும் ரோட்டுக்கும் இடையேயுள்ள அந்தக் கடைசித் தூரத்தை அளப்பதும், படி கட்டுவதும், ஒரு விளக்குப் போடுவதும், கடைசி பஸ்ஸைப் பாடசாலை நேரத்துக்குப் பொருத்துவதும் பெருந்திட்டங்கள் அல்ல. ஒன்பது வளைவுப் பாலத்தைக் கட்டிய நாட்டுக்கு அவை கடினமானவையும் அல்ல. மனமிருக்க வேண்டும்; கேட்பதற்கு ஆளிருக்க வேண்டும்.

எழுதுகின்ற நமக்கும் இதிலே ஒரு வேலை இருக்கின்றது. பொட்டணி சுமந்து ஏறிய பெரியவர்களில் சிலர் பதுளையிலும் பசறையிலும் வெலிமடையிலும் இன்னும் நம்மிடையே இருக்கக்கூடும். எந்தத் தோட்டத்துக்கு எந்தக் குறுக்கு, எந்த லயத்தில் தண்ணீர் கொடுத்தார்கள், எந்த ஆற்றை எப்படிக் கடந்தார்கள் என்பதெல்லாம் அவர்களது கால்களுக்குத் தெரியும். எந்த வரைபடத்திலும் அது இல்லை. அவர்கள் இருக்கும்போதே போய்க் கேட்டு எழுதிக்கொள்வோம். பதுளைக்குப் பஸ்ஸிலேயே போகலாம். மிச்சத் தூரத்தை நடக்கலாம்.